ரெண்டு கார்புரேட்டர்

உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி ஆடுது, இதுல உக்காருங்க. டாக்டர் இப்பத்தான் வந்தாருங்க. என்ற ஊட்டுக்காரி உள்ள போயிருக்கறா. நர்சம்மா மொதல்ல விவரமெல்லாம் எழுதிக்கணும்னு அவளை மட்டும் கூப்பிட்டுட்டுப் போனாங்க. தொண்டைங்க அவளுக்கு. சத்தமே வர்றதில்ல. உதடு அசையுது, உள்ள இருந்து ஒண்ணும் வெளிய வர மாட்டேங்குது.

உங்களுக்கு என்னங்க? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க, ஏசி சத்தம் பெருசா இருக்குது. ஏசி போடலையா? அப்ப ரோட்டுச் சத்தமுங்க. சைனசா? சரியாப் போயிருமுங்க. நீங்க பேசறது நல்லாக் கேக்குது. கணீர்னு பேசறீங்க, மொகத்தப் பாத்துப் பேசறீங்க. இந்தக் காலத்துல யாரு அப்படிப் பேசறாங்க?

அவளுக்கு எப்படித் தொண்டை போச்சுன்னு கேக்கறீங்களா? கத்துனாளுங்க. குன்னூர் ரோட்டுல, பர்லியாறுக்கு மேல, நாலாவது வளைவுல நின்னுக்கிட்டு, போறவன் வர்றவன் எல்லாம் பாக்க, என்ற காதுகிட்ட வாய வெச்சுக் கத்துனா. முப்பது வருசம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவ. குரல் அப்படி இருக்குமுங்க, தேங்காப்பால் ஊத்துன மாதிரி. அந்தக் குரலக் கேட்டுத்தான் நான் கட்டுனேன். அன்னைக்குக் கத்துன கத்துல போச்சு. இன்னையோட மூணு வாரம்.

ஆனா குத்தம் செஞ்சது அவதானுங்க. அவளும் என்ற கூட்டாளி அற்புதராஜும். அத மொதல்ல சொல்லிப்போடறேன். எவனோ ஏமாத்துனா தொடச்சிப்போட்டுப் போயிரலாம். கூடவே இருக்கறவங்க செஞ்சா என்னங்க பண்றது?

என்ற பேரு நாச்சிமுத்து. கணபதியில வீடு. முப்பத்தெட்டு வருசம் ஃபோர்ஜிங் பட்டறையில வேல. பழுக்கக் காஞ்ச இரும்ப அச்சுல வெச்சு அடிக்கறது. ரெண்டு டன் சுத்தியலுங்க. அது விழுந்தா பக்கத்துத் தெருவுல பாத்திரம் ஆடும். அந்தச் சத்தத்துலயே நின்னவனுக்குக் காது எப்படிப் பழகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மத்தவங்களுக்குக் கேக்காததெல்லாம் எனக்குக் கேக்கும். வீட்டுல எல்லாம் அமைதியா இருக்கறப்பக்கூட உய்ங்னு ஒரு சத்தம் வருது பாருங்க, அது அவளுக்குக் கேக்கறதே இல்ல. எனக்கு நாள் பூரா கேக்குது.

கார் விசயத்துக்கு வர்றேன்.

பத்தொம்பது வயசுல, அப்ரண்டிசா இருக்கறப்ப, நானும் அற்புதராஜும் ஒரு லாரியில தொத்திக்கிட்டு சோழவரத்துக்குக் கார் ரேஸ் பாக்கப் போனோம். அங்க ஒரு செகப்புக் காரு. இங்கிலாந்துக் காருங்க, ரெண்டே சீட்டு, மேல கூரை கிடையாது. முன்பக்கம் மூடிய அப்படியே ஒரே துண்டாத் தூக்கித் தொறந்தா, இஞ்சினு பொணப் பரிசோதனைக்கு வெச்ச மாதிரி முழுசாத் தெரியும். அன்னைக்கே சொன்னேன், இவனே, இது ஒண்ணு என்னைக்காவது நம்ம வீட்டுல நிக்கணும்டான்னு. அற்புதராஜ் சிரிச்சான். அவன் அப்பவே கார்புரேட்டர் வேலைக்குப் போயிட்டான். ரேஸ்காரங்க எல்லாம் அவன்கிட்டத்தான் வருவாங்க.

நான் ரிட்டயர் ஆன வருசம் வால்பாறையில ஒரு எஸ்டேட் பங்களாவுல அதே மாதிரி ஒண்ணு கெடக்குதுன்னு அவன்தான் சொன்னான். சொல்லோணுமில்ல, அவன்தான் சொன்னான். போய்ப் பாத்தா, வெறகுக்கட்டுக்கு நடுவுல கெடந்துச்சு. சீட்டுக்குள்ள எலி குட்டி போட்டிருந்துச்சு. இஞ்சினுல தண்ணி பூந்து பிஸ்டன் நாலும் இறுகிப்போயிருந்துச்சு. டெம்போவுல ஏத்திக் கொண்டாந்து போர்டிகோவுல எறக்குனோம். வசந்தாமணி — என்ற ஊட்டுக்காரி பேருங்க — தன்னோட ஸ்கூட்டரத் தெருவுல நிறுத்திக்கிட்டா. வெயில்ல சீட்டு வெடிச்சுப் போச்சு.

ரெண்டு வருசமுங்க. இஞ்சினத் தனியா எறக்கி, ஒவ்வொரு போல்ட்டாக் கழட்டி, அவ இட்லித் துணியில வரிசையாப் பரப்பி வெச்சேன். இறுகுன பிஸ்டனுக்கு டீசல ஊத்தி ஒன்பது நாளு ஊற வெச்சு, பத்தாம் நாளு மரக்கட்டைய வெச்சுத் தட்டுனேன். அசையல. பதினொண்ணாம் நாளு அசைஞ்சுது. வசந்தி, வசந்தின்னு கூப்பிட்டேன். எண்ணெக் கையோட ஓடி வந்து பாத்தா. சிலிண்டர் உள்வாயக் கடையறதுக்கும் கிராங்கத் தேச்சு உருட்டறதுக்கும் மட்டும் வெளிய பட்டறைக்குப் போச்சு. மத்ததெல்லாம் போர்டிகோவுலதான். அற்புதராஜ் சாயங்காலம் சாயங்காலம் வருவான். வால்வு தேய்க்கறது அவன், பேரிங் பாக்கறது நான். அவ காப்பி கொண்டாந்து கொடுத்துட்டு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவா. கை பாட்டுக்குப் பூக் கட்டும், கண்ணு இஞ்சினு மேல இருக்கும்.

போன சித்திரையில ஒரு வெள்ளிக்கிழமை காலையில ஸ்டார்ட் ஆச்சு. மூணாவது தடவ சாவி திருப்புனப்ப பொகையக் கக்கிக்கிட்டு எந்திரிச்சுது பாருங்க, நாங்க மூணு பேரும் கையப் புடிச்சுக்கிட்டு நின்னோம். அற்புதராஜ் அழுதுட்டான். அத நான் மறைக்க மாட்டேன். அந்த நாளு நல்ல நாளுதான்.

அதுக்கப்புறம்தான் ட்யூனிங். இங்கதான் வெனை.

அந்த இஞ்சினுக்குப் பெட்ரோலயும் காத்தையும் கலந்து கொடுக்க ரெண்டு கார்புரேட்டருங்க. முன்னாடி ரெண்டு சிலிண்டருக்கு ஒண்ணு, பின்னாடி ரெண்டுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே அளவு காத்து இழுக்கோணும். மிஷின் எல்லாம் வேண்டியதில்ல. ஒரு ரப்பர் குழாயோட ஒரு முனையக் கார்புரேட்டர் வாயில வெச்சு, மறு முனையக் காதுல வெச்சா, புஸ்ஸுனு ஒரு சத்தம் கேக்கும். ரெண்டுலயும் அந்தச் சத்தம் ஒண்ணு போல வர்ற வரைக்கும் திருகோணும். அப்புறம் பெட்ரோல் எவ்வளவு போகோணும்னு அடியில இருக்கற நட்டு. கொஞ்சம் ஏறுனா கரிப் பிடிக்கும், கொஞ்சம் கொறஞ்சா சூடேறி பிஸ்டனே உருகிரும். எல்லாமே காது வேலதானுங்க.

நான் குழாய வெச்சுக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு. துல்லியமா ஒண்ணா இருந்துச்சு. ஒரு வித்தியாசமும் கேக்கல.

ஸ்டூல்ல உக்காந்திருந்தவ சொல்றா, "ஏனுங்க, ஒண்ணு முன்னாடி ஓடுது, ஒண்ணு நொண்டிக்கிட்டுப் பின்னாடி வருதுங்க."

உனக்கென்ன தெரியும், போய் அடுப்பப் பாருன்னேன். வீட்டுல புருசன் பொண்டாட்டி பேசிக்கறதுதானுங்க? அவ எந்திரிச்சுப் போயிட்டா. அப்புறம் ஸ்டூலுக்கு வரல.

அற்புதராஜ் குழாய வாங்கி அவன் காதுல வெச்சான். அப்புறம் என்னையத் தனியாக் கூப்பிட்டு, "நாச்சி, கோவிச்சுக்காத. ஒரு தடவ காதக் காட்டிட்டு வா. நானும் கூட வர்றேன்"ங்கறான்.

எப்படி இருக்கும் சொல்லுங்க. நாப்பத்தஞ்சு வருசப் பழக்கம். அவனுக்குப் பொறாமைங்க. இத்தன வருசம் ஊர்க் காரையெல்லாம் ட்யூன் பண்ணிக் கொடுத்தவன், சொந்தமா ஒண்ணு இல்ல. எனக்கு அமைஞ்சிருச்சு. பொறுக்கல. "என்ற வண்டி, என்ற காது, நீ வெளிய போடா"ன்னேன். ஸ்பானரக் கீழ வெச்சான், கையத் தொடச்சான், டிவிஎஸ் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். வசந்தாமணி கதவோரமா நின்னு பாத்துக்கிட்டிருந்தா.

அதுக்கப்புறம் தினமும் நானே ட்யூன் பண்ணுவேன். காலையில பூப்போட்ட மாதிரி ஓடும். அக்கம்பக்கத்துல சத்தமா இருக்குதுன்னு சொன்னாங்களாம், அவங்களுக்கு என்னங்க தெரியும்.

எனக்குக் கோபியில ஒரு அண்ணன். பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. புதன்கிழமை புதன்கிழமை நான் போய் மொகம் மழிச்சு, குளிப்பாட்டி விட்டுட்டு, சாயங்காலம் திரும்புவேன். வியாழக்கிழமை காலையில வண்டிய எடுத்தா, அதிசயமா இருக்குமுங்க. மிதிச்ச மிதிக்குப் பறக்கும். நடுக்கமே இருக்காது. ஸ்டீரிங்கப் புடிச்சா கைக்குத் தெரியும்ல? அப்புறம் நான் தெனம் கொஞ்சம் கொஞ்சமாத் திருத்துவேன், செவ்வாக்கிழமை வாக்குல மறுபடி ஒதற ஆரம்பிக்கும். மறுபடி வியாழக்கிழமை அமிர்தமா இருக்கும்.

நான் யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். பழைய இஞ்சினுக்கு வாரத்துல ஒரு நாளு ஓய்வு வேணும். உலோகம் அடங்கோணும். எங்க பழைய கார்க்காரங்க வாட்சப் குரூப்புல விளக்கமா எழுதிப் போட்டேன். நெறையப் பேரு கும்பிட்டாங்க. அவகிட்டயும் சொன்னேன். "ஆமாங்க, ஓய்வு வேணும்தானுங்க"ன்னா. அப்படியே பச்சப் புள்ள மாதிரி மொகத்த வெச்சுக்கிட்டுச் சொன்னாளுங்க.

ஆவணியில ஒரு புதன்கிழமை. பஸ்ஸு அவிநாசி தாண்டி நின்னு போச்சு. மாத்து வண்டி கெடைக்கல. அண்ணனோட பக்கத்து வீட்டுக்குப் போனப் போட்டுச் சொல்லிட்டு வீட்டுக்குத் திரும்பிட்டேன். மத்தியானம் பன்னெண்டரை இருக்கும். கேட்டுக்கு வெளிய அற்புதராஜோட டிவிஎஸ் வண்டி நிக்குது.

நான் இல்லாத நேரம். நான் வெளிய போடான்னு சொன்னவன். கேட்டுச் சந்துல பாத்தேன்.

வண்டி மூடி தொறந்திருக்குது. இஞ்சினு ஓடுது. அவ அந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கறா. என்ற ரப்பர் குழா அவ காதுல. கண்ண மூடியிருக்கறா. அவன் கீழ மண்டிபோட்டுக்கிட்டு நட்டுல கைய வெச்சிருக்கறான். அவ ஒத்த வெரலக் காட்டறா, அவன் ஒரு திருகு திருகறான். அவ குழாய எடுத்து மத்ததுல வெக்கறா. கேக்கறா. மறுபடி முன்னதுக்கு வர்றா. உள்ளங்கையக் காட்டறா, அவன் நிறுத்தறான். அப்புறம் கண்ணத் தொறந்து சிரிச்சாளுங்க. "போதுங்கண்ணா"ன்னு சொல்லியிருப்பா போல, வாய் அசைஞ்சுது. அவன அவ அண்ணான்னுதான் கூப்பிடுவா. கல்யாணத்தன்னைக்கு இருந்தே அப்படித்தான்.

தப்பா ஒண்ணும் இல்லைங்க. அது எனக்குத் தெரியும். தப்பா ஏதாவது இருந்திருந்தாக்கூட ரெண்டு அறை விட்டுட்டு ஓஞ்சிருப்பேன். இது அப்படியில்ல. அவ மொகத்துல அப்படியொரு அமைதிய முப்பத்தஞ்சு வருசத்துல நான் பாத்ததில்ல. என்ற இஞ்சினுக்குள்ள அவ போயிட்டா, அவன் போயிட்டான், நான் கேட்டுக்கு வெளிய நிக்கறேன். வாரா வாரம் நான் அண்ணனுக்கு மொகம் மழிக்கப் போனதும் இவங்க ரெண்டு பேரும் நான் செஞ்சதையெல்லாம் அழிச்சுட்டு அவங்க இஷ்டத்துக்கு வெச்சிருக்காங்க. அந்த வியாழக்கிழமை எதுவுமே என்னோடது இல்ல.

உள்ள போகல. பஸ் ஸ்டாப்புல போய் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனா, "அண்ணன் எப்படி இருக்காருங்க?"ன்னு கேக்கறா. நல்லா இருக்காருன்னேன். அவளும் பொய், நானும் பொய். மாவாட்டி தோசை ஊத்திக் கொடுத்தா. தின்னேன்.

அடுத்த பத்தாவது நாளு எங்க குரூப்புக்காரங்க மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு மலையேறுற ஓட்டம் வெச்சிருந்தாங்க. முப்பது வண்டி. சோழவரத்துல பாத்ததுல இருந்து நான் காத்துக் கெடந்த நாளுங்க அது. அன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, வெளிக் கேட்டப் பூட்டிட்டு, அவங்க வெச்சதையெல்லாம் கலைச்சேன். ரெண்டு நட்டையும் மேல முட்டற வரைக்கும் திருகி, மொதல்ல இருந்து நானே வெச்சேன். என்ற காதுல வெச்சேன். ரெண்டும் துல்லியமா ஒண்ணா இருந்துச்சு.

அவ குளிச்சுட்டு, நல்ல சேலையக் கட்டிக்கிட்டு, தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு வந்தா. வண்டியில ஏறுனா. நான் ஸ்டார்ட் பண்ணுனேன். சட்டுனு என்னையத் திரும்பிப் பாத்தாளுங்க. நான் ரோட்டப் பாத்தேன்.

மேட்டுப்பாளையம் வரைக்கும் சமவெளி, ஒண்ணும் தெரியல. கல்லாறு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சுது. என்ற கையத் தொட்டா. "உள்ள கடலை வறுக்கற மாதிரி சத்தம் வருதுங்க"ன்னா. அவ சொன்னது அப்ப நல்லாக் கேட்டுச்சு, காதுகிட்டக் குனிஞ்சு சொன்னா. எனக்குக் கடலையும் கேக்கல, பட்டாணியும் கேக்கல. வாய மூடிக்கிட்டு வான்னேன். பர்லியாறுல எல்லாரும் டீ குடிக்க நிறுத்துனாங்க. நான் நிறுத்தல. மறுபடி தொட்டா. "மூணாவது சிலிண்டர் அடிக்கலைங்க. நிறுத்துங்க. உங்க கால்ல விழறேன், நிறுத்துங்க." நான் மிதிச்சேன். அவளுக்குக் காட்டோணும்னுதான் மிதிச்சேன். ஆமா.

நாலாவது வளைவுல குபுகுபுன்னு வெள்ளப் பொகை. வண்டி உசுரு போன மாடு மாதிரி ரோட்டோரமாப் போய் நின்னுச்சு.

அங்கதானுங்க கத்துனா. எறங்கி என்ற பக்கம் வந்து, என்ற தலைய ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு, காதுல வாய வெச்சு. "உங்களுக்குக் காது கேக்கறதில்லைங்க! நாலு வருசமாக் கேக்கறதில்லைங்க! இஞ்சினு எரிஞ்சு போயிரும்னு அண்ணன் சொன்னாரு! உங்ககிட்டச் சொன்னா ஒடஞ்சு போயிருவீங்கன்னு நாங்க சொல்லலைங்க!" பின்னாடி வந்த வண்டியெல்லாம் மெதுவாப் போகுது. குரூப்புல எனக்குக் கும்பிடு போட்டவங்கெல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போறாங்க.

நாங்கங்கறா பாருங்க. நாங்க. அந்த நாங்களுக்குள்ள நான் இல்ல.

அவதான் போன் பண்ணுனா. ரெண்டு மணி நேரத்துல அற்புதராஜ் லாரியோட வந்தான். சங்கிலி போட்டான், ஏத்துனான். ரெண்டு நாள் கழிச்சு நான் தனியா உக்காந்து இஞ்சினு ஹெட்டக் கழட்டிப் பாத்தேன். மூணாவது பிஸ்டன் தலையில ஒத்த ரூபா அகலத்துக்கு ஓட்டை. உருகியிருக்குது. நீங்களே சொல்லுங்க, வாரத்துக்கு வாரம் ஒருத்தர் ஒரு மாதிரி, இன்னொருத்தர் ஒரு மாதிரி மாத்திக்கிட்டே இருந்தா இஞ்சினு என்னங்க பண்ணும்? அவங்க கைய வெக்காம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.

என்னங்க? நீங்க ஒண்ணும் சொல்லலையா? சரி.

அன்னையில இருந்து அவ குரல் வர்றதில்ல. முன்னெல்லாம் காதுகிட்டக் குனிஞ்சுதான் பேசுவா, இப்ப எட்டவே நிக்கறா. தட்ட வெக்கறப்ப வாய் அசையும். வாசல்ல நின்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட அசைக்கறா. அந்தம்மா தலையாட்டுது, பாவம், அதுக்கு என்ன புரியுமோ. தொண்டை டாக்டருகிட்டப் போகோணும்னு நான்தான் சொன்னேன். கோவம் கோவமா இருக்கட்டும், கட்டுன பொண்டாட்டி, ஊமையா விட முடியுங்களா? ஒடனே சரின்னு தலையாட்டுனா. எனக்கே அதிசயமா இருந்துச்சு.

அற்புதராஜ் வேற ஒரு பிஸ்டன் தேடிப் புடிச்சு வெச்சிருக்கறானாம். காயிதத்துல எழுதிக் காட்டுனா. வரச் சொல்லட்டுங்களான்னு கீழ எழுதியிருந்தா. காயிதத்த மடிச்சுச் சட்டப் பையில வெச்சுக்கிட்டேன்.

இருங்க, நர்சம்மா வருது. என்னையவா? நானுங்களா? அவ கூட வந்தவனுங்க நான். என்ன சீட்டு இது...

பாத்தீங்களா. பாத்தீங்களா இத. நாச்சிமுத்து, அறுவத்தொண்ணு, ஆண். காது பரிசோதனை. என்ற பேரு. கீழ போட்டிருக்கற போன் நம்பரு அற்புதராஜோடது. போன மாசமே பதிஞ்சிருக்காங்க. தேதியப் பாருங்க. தொண்டைன்னு நான் சொன்னப்ப வாயத் தொறக்காம தலைய மட்டும் ஆட்டுனாளே, அப்பவே. இதுவும் ரெண்டு பேரும் சேந்துதான். என்னையக் கேக்காமயே. மறுபடியும் எனக்குத் தெரியாமயே.

அதோ, கதவுகிட்ட வந்து நிக்கறா. அந்தப் பச்சச் சேலை. வாய அசைக்கறா. பாருங்க, உங்களுக்கே தெரியுதுல்ல, சத்தம் வரல.

என்னங்க?

வாங்கன்னு கூப்பிடறாளா? உங்களுக்குக் கேட்டுச்சுங்களா? இவ்வளவு தூரத்துல இருந்தா?

இன்னொரு தடவ சொல்றா, இப்ப என்ன சொன்னா? பயப்படாதீங்கன்னா?

குரலு எப்படி இருக்குதுங்க? கரகரன்னு இருக்குதுங்களா? கட்டுன மாதிரி?

நல்லாவா இருக்குது. நல்லா இருக்குதுங்களா.

சரி. இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கங்க. உள்ள அவ வெச்ச எலுமிச்சஞ்சோறு இருக்குது, சாயாமப் பாத்துக்கங்க. நான் போயி என்னன்னு கேட்டுட்டு வந்தர்றேன்.